துளை போடாமல் கட்டுவது

ஓசூர் ஆலையிலிருந்து புதுச் சேஸிஸ் ஒன்று நாமக்கல் வந்து சேர்வது என் சிறுவயதில் அன்றாடக் காட்சி. நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், எஞ்சின், சக்கரங்கள், ஒரு ஸ்டியரிங். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடியும் கிடையாது. தற்காலிகமாகப் பொருத்திய இருக்கையில் உட்கார்ந்து, தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் கணவாய், சேலம் என்று 200 கி.மீ.க்கு மேல் வெயிலையும் தூசியையும் முகத்தில் வாங்கியபடி டிரைவர் ஓட்டி வருவார். பட்டறை வாசலில் இறங்கும்போது அவருடைய இமைமயிர்கூடச் செம்மண் நிறமாக இருக்கும்.

வந்து நிற்பது இன்னும் லாரி ஆகவில்லை. ஆனால் லாரிக்கு வேண்டிய அடிப்படைக் காரியங்கள் எல்லாம் அதற்கு வந்துவிட்டன. கிளம்பத் தெரியும், திரும்பத் தெரியும், நிற்கத் தெரியும். என்னவாகப் போகிறது என்பதுதான் பாக்கி. பக்கப் பலகை வைத்துத் தார்ப்பாய் போட்டால் சரக்கு லாரி. உருளைத் தொட்டியை ஏற்றினால் டேங்கர். ஆழ்துளைக் கிணறு போடும் எந்திரத்தை ஏற்றினால் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. எலும்பு ஒன்றுதான், உடம்புதான் வேறு வேறு. எங்கள் ஊரில் அதனால்தான் 'லாரி செய்வது' என்று யாரும் சொல்வதில்லை. 'பாடி கட்டுவது' என்றே சொல்வார்கள்.

என் அப்பா அப்படியொரு பட்டறையில் மரவேலை மேஸ்திரி. பள்ளி விடுமுறை நாட்களில் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது என் வேலை. அங்கே நான் வியந்து பார்த்தது ஒன்று உண்டு. சேஸிஸ் சட்டத்தின் மேல் முதலில் நீளமான மரக்கட்டையை மெத்தைபோல் கிடத்துவார்கள். அதற்கு மேல் குறுக்குச் சட்டங்கள். பிறகு, குதிரை லாடம்போல் வளைந்த யூ போல்ட்டைக் கீழிருந்து கொடுத்து, சேஸிஸையும் பாடியையும் சேர்த்து அணைத்து, தகடு வைத்து நட்டை முறுக்குவார்கள். யூ போல்ட் சட்டத்தைக் கட்டிப்பிடிக்கும், குத்தாது.

“ஏனுங்கப்பா, ஓட்டை போட்டு நேரா போல்ட் மாட்டுனா சீக்கிரம் முடிஞ்சுருமில்லீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த எலும்பு கண்ணு. அதுல ஓட்டை போட்டா லோடு ஏத்துன அன்னிக்குத் தெரியாது. ஆறு மாசங் கழிச்சு அந்த ஓட்டைல இருந்துதான் விரிசல் விடும். மேல நாம என்ன வேணாலுங் கட்டிக்கலாம். எலும்புல கை வெக்கக் கூடாது.”

சட்டத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும்தான் பாரத்தின் இழுவிசையையும் அழுத்தத்தையும் அதிகம் தாங்குகின்றன என்பதைப் பிறகு எந்திரவியல் படித்த நண்பர் ஒருவர் விளக்கினார். அப்பாவுக்கு அந்த விளக்கம் தெரியாது, விரிசல் தெரியும்.

கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியனாக ஆனபின், ஒவ்வோர் ஆண்டும் ஒரு பாடத்துக்கு வரும்போது எனக்கு அந்த யூ போல்ட் நினைவுக்கு வருகிறது. இன்ஹெரிட்டன்ஸ். பள்ளிப் பாடநூலில் மரபுரிமம்.

*

ஒரு நிரலில் 'வண்டி' என்று ஓர் இனக்குழுவை (கிளாஸ்) எழுதுகிறோம். கிளம்பு, திரும்பு, நிறுத்து என்று அதற்குச் சில காரியங்களைக் கற்றுக்கொடுக்கிறோம். பிறகு 'டேங்கர்' என்று இன்னொன்றை எழுதும்போது முதலிலிருந்து தொடங்குவதில்லை. 'டேங்கர் என்பது ஒரு வண்டி' என்று ஒரு வரி எழுதினால் போதும். வண்டிக்குத் தெரிந்ததெல்லாம் டேங்கருக்கும் தெரியும். டேங்கருக்கு மட்டும் உரியதை, நிரப்புவதையும் வடிப்பதையும், மேலே சேர்த்துக்கொள்ளலாம். வண்டியின் நிரலில் ஓர் எழுத்தையும் தொடவேண்டியதில்லை. கணினி அறிவியலாளர் பெர்ட்ரண்ட் மேயர் 1988-இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு கொள்கையாகவே வகுத்தார்: நல்ல நிரல்கூறு விரிவுக்குத் திறந்திருக்க வேண்டும், திருத்தத்துக்கு மூடியிருக்க வேண்டும். என் அப்பா சொன்னதற்கும் இதற்கும் ஓர் இம்மியும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

உரிமை என்ற சொல் எங்கள் பக்கத்தில் உடனே நினைவூட்டுவது காடு, தோட்டம், கிணற்றில் தண்ணீர் முறை. நாலு ஏக்கர் இரண்டு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு இரண்டு. அடுத்த தலைமுறையில் ஒன்று. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு வரப்பு. நிரலின் மரபுரிமம் அந்த வகை அல்ல. வண்டியிலிருந்து டேங்கர் பிறந்தாலும் டிப்பர் பிறந்தாலும் ரிக் பிறந்தாலும், ஒவ்வொன்றுக்கும் வண்டி முழுசாகக் கிடைக்கிறது. அப்பாவிடம் தொழில் பழகிய பையன்கள் பத்துப் பேர் இருப்பார்கள். பத்துப் பேரும் அவருடைய தொழிலை முழுசாகத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அவரிடம் எதுவும் குறையவில்லை. நிலம்போல் பிரியாத உரிமையும் உலகத்தில் உண்டு என்பதை இந்தப் பாடத்தைத் தொடங்கும்போதே மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன்.

தமிழருக்கு இந்த அடுக்குமுறை புதிதும் அல்ல. தொல்காப்பிய மரபியல் உயிர்களை வகுக்கும் முறையைப் பாருங்கள். ஓரறிவுயிருக்குத் தொடுவுணர்வு. ஈரறிவுயிருக்கு அதனோடு சுவை. அடுத்ததற்கு அவற்றோடு மோப்பம், பிறகு பார்வை, பிறகு கேள்வி, கடைசியில் மனம். மேலேறும் எந்த உயிரும் கீழ்ப்படியின் அறிவைத் தொலைப்பதில்லை. புல்லுக்கு வாய்த்த தொடுவுணர்வு மனிதனிடம் அப்படியே இருக்கிறது. முந்தையது முழுதும், அதற்கு மேல் ஒன்று என்ற இந்தக் கட்டமைப்பைத்தான் நிரலாளர்கள் மிகப் பிற்காலத்தில் தங்கள் வழியில் கண்டடைந்தார்கள்.

அவர்கள் கண்டடைந்த இடம் நாமக்கல்காரனுக்கு மிகவும் பழகிய இடம் என்பதுதான் அதிசயம். 1960களில் ஆஸ்லோவில் இருந்த நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா என்ற மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். வெளியுலகின் இயக்கத்தைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, சுங்கச்சாவடி உள்ள ஒரு பாலம். சாவடி முன்னால் வரிசை. வரிசையில் லாரிகளும் பஸ்களும். வரிசையில் நிற்பது என்ற காரியம் இரண்டுக்கும் ஒன்றே. மற்றவை வேறு. அப்படியானால் வரிசையில் நிற்கும் தன்மையை ஒருமுறை எழுதிவைத்து, அதன் மேல் லாரி என்ற அடுக்கையோ பஸ் என்ற அடுக்கையோ ஒட்டிக்கொள்ளலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. அந்த எண்ணம்தான் சிமுலா 67-இல் மரபுரிமமாக நிலைபெற்றது. சி பிளஸ் பிளஸ், ஜாவா எல்லாம் அந்த வழி வந்தவை. 2001-க்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2002-இல் ஆறு வார இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

நாமக்கல் பக்கத்து ராசாம்பாளையம் சுங்கச்சாவடியில் வண்டி நிற்கும்போதெல்லாம் அந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்வேன்.

*

சாவடிக்கு வரும் வண்டி பால் டேங்கரா, முட்டை லாரியா, கோழித் தீவன லாரியா என்பது சாவடிக்குத் தேவையில்லை. அதற்கு எல்லாம் வண்டி. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் படித்து, வகைக்குரிய கட்டணத்தை எடுத்துக்கொண்டு கம்பத்தைத் தூக்குகிறது. டேங்கரை டேங்கர் என்று பார்க்காமல், அதன் மூத்த பெயரான வண்டி என்று பார்ப்பதற்குத்தான் அப்காஸ்டிங் என்று பெயர்.

எங்கள் வாழ்க்கையில் இது தினமும் நடக்கிறது. 1997 ஜனவரி 1-இல் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் ராசிபுரத்துக்காரரையும் திருச்செங்கோட்டுக்காரரையும் சென்னையில் யாராவது “எந்த ஊருங்க?” என்று கேட்டால், இன்றும் பலர் “சேலம் பக்கம்” என்றே சொல்கிறார்கள். அதே ஆள் லாரியோடு நாக்பூரில் நின்றால் தமிழ்நாடு. இன்னும் வடக்கே போனால் மதராஸி. தூரம் கூடக்கூடப் பெயர் மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஆள் மாறவில்லை. நம்பர் பிளேட்டில் டி.என். 28 அப்படியே இருக்கிறது. மேல்நோக்கிய இந்தப் பெயர்மாற்றம் எப்போதும் பத்திரமானது, ஏனென்றால் ராசிபுரத்துக்காரர் தமிழ்நாட்டுக்காரராக இல்லாமல் போக வழியே இல்லை. அதனால் நிரல்மொழிகளும் இதற்குத் தனியாக அனுமதி கேட்பதில்லை.

கீழ்நோக்கி வருவது அப்படியல்ல. தமிழ்நாட்டு வண்டி என்று தெரிந்ததை வைத்து, 'இது டேங்கர்தான், குழாயை மாட்டு' என்றால், அது டேங்கராக இருந்தால்தான் காரியம் நடக்கும். முட்டை லாரியாக இருந்தால் விபரீதம். அதனால் கீழே இறங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்காமல் இறக்கினால் ஜாவா நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும்.

மூத்த பெயரில் அழைக்கும்போது ஒரு கட்டுப்பாடும் வருகிறது. வண்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு 'வடி' என்று கட்டளையிட முடியாது. ஏனென்றால் எல்லா வண்டியும் வடிக்காது. எங்கள் தெரு டீக்கடையில் நான் இன்றும் 'மேஸ்திரி மகன்'தான். அந்தப் பெயரில் அழைப்பவர்கள் என்னிடம் நிரல் பற்றி எதுவும் கேட்பதில்லை. மரம் பற்றிக் கேட்பார்கள், பட்டறை பற்றிக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த மற்றவை அந்தப் பெயரின் ஜன்னல் வழியே தெரிவதில்லை. தெரியாததால் அவை இல்லாமல் போய்விடவும் இல்லை.

*

இதுவரை மாணவர்கள் சுலபமாக வந்துவிடுவார்கள். அடுத்த படியில்தான் தடுக்கும்.

வண்டிக்கு 'நிறுத்து' என்ற காரியம் தெரியும். டேங்கரும் அதே 'நிறுத்து' என்ற பெயரில் தனக்கான முறையை எழுதி வைத்துக்கொள்கிறது. இதுதான் ஓவர்ரைடிங். பெயர் அப்பாவுடையது, முறை பிள்ளையுடையது. இப்போது 'வண்டி' என்று எழுதிய சீட்டின் வழியாக ஒரு டேங்கரை அழைத்து 'நிறுத்து' என்கிறோம். எந்த முறை ஓடும்?

சில ஆண்டுகளுக்கு முன் சங்ககிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி, டேங்கர் டிரைவரின் மகள், இதே இடத்தில் எழுந்து நின்றாள்.

“சீட்டுல வண்டின்னுதானுங் சார் இருக்குது? அப்பறம் எப்படிங் சார் டேங்கரோட முறை ஓடும்?”

“உங்கப்பா ஓட்டற வண்டிய டோல்கேட்ல என்னம்மா சொல்லுவாங்க?”

“லாரின்னுதானுங் சார்.”

“அவங்க லாரின்னு சொன்னதால அது டேங்கர் இல்லைன்னு ஆயிருமா?”

“இல்லீங் சார்.”

“சரி. தொப்பூர்ல எறங்கறப்ப உங்கப்பா எப்படி நிறுத்துவார்? சரக்கு லாரி மாதிரியா?”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “இல்லீங் சார். பாதி லோடு இருந்தா உள்ள இருக்கறது முன்னால வந்து மோதும்னு சொல்லுவாரு. ரொம்ப முன்னாடியே கியரக் கொறச்சு, மெதுவா மெதுவாத்தான் பிரேக்கு மிதிப்பாரு.”

அவ்வளவுதான் பாடம். வகுப்பில் நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும் அந்தக் கணவாயைத் தெரியாத லாரிக் குடும்பம் எங்கள் பக்கத்தில் இல்லை. பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளின் கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். ஏறுகிற கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அங்கே டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதி. சாலைப் பலகை எல்லா வண்டிக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறது: வேகத்தைக் குறை. அந்தச் சொல்லைச் சரக்கு லாரி ஒருவிதமாகக் கேட்கிறது, டேங்கர் வேறுவிதமாகக் கேட்கிறது, நீளமான டிரெய்லர் இன்னொரு விதமாகக் கேட்கிறது. அழைப்பு ஒன்று, பதில் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி. சீட்டில் எழுதியிருக்கும் பெயர் எதைக் கேட்கலாம் என்பதை முடிவு செய்கிறது. எதிரே நிற்கும் பொருள் எப்படிப் பதில் சொல்வது என்பதை முடிவு செய்கிறது. இந்த இரண்டு வரிகளைப் புரிந்துகொண்டவருக்குப் பல்லுருவாக்கம் (பாலிமார்ஃபிசம்) என்ற பெரிய சொல் பயமுறுத்தாது.

ஆனால் மாற்றி எழுதும் உரிமைக்கு ஓர் எல்லை உண்டு. டேங்கரின் 'நிறுத்து' எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், கடைசியில் வண்டி நின்றாக வேண்டும். பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஒரு மாநாட்டு உரையில் இதை முன்வைத்தார். 2008-க்கான டூரிங் விருது பெற்றவர் அவர். மூத்ததை எதிர்பார்த்து நிற்கும் இடத்தில் இளையதைக் கொண்டுபோய் வைத்தால், அங்கே எதுவும் உடையக் கூடாது. நடைமுறையில் இதற்கு இரண்டு பொருள். அப்பா கேட்டதைவிடப் பிள்ளை அதிகம் கேட்கக் கூடாது. அப்பா கொடுப்பதாகச் சொன்னதைவிடப் பிள்ளை குறைத்துக் கொடுக்கக் கூடாது. முறையை மாற்றலாம், வாக்கை மாற்றக் கூடாது.

*

இந்தப் பாடத்தில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும் இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

சுங்கச்சாவடிக்கான நிரலை ஒருவர் இன்று எழுதுகிறார். 'வரிசையில் உள்ள ஒவ்வொரு வண்டியிடமும் கட்டணம் கேள்' என்று ஒரு வரி. பத்தாண்டு கழித்து, அவர் கேள்விப்பட்டே இராத ஒரு புது வகை வண்டி வருகிறது. அதை எழுதுபவர் 'இது ஒரு வண்டி' என்று அறிவித்து, 'கட்டணம்' என்பதைத் தன் முறையில் எழுதிவிடுகிறார். பழைய வரியில் ஒரு புள்ளியும் மாறவில்லை. இருந்தும் அந்தப் பழைய வரி புது வண்டியைச் சரியாக அழைக்கிறது, புது வண்டி சரியாகப் பதில் சொல்கிறது. பிள்ளை அப்பாவின் நிரலைப் பயன்படுத்துவதில் ஆச்சரியம் இல்லை. எல்லா உரிமையும் அப்படித்தான். அப்பாவின் நிரல் பிள்ளையின் முறையைப் பயன்படுத்துவதுதான் ஆச்சரியம். முன்னால் போனவர் எழுதிவைத்த அழைப்புக்கு, அவர் பார்க்காமல் போன ஒருவர் பதில் சொல்கிறார்.

நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுக்கிறார். வழிநூலுக்கு அவர் சொல்லும் இலக்கணத்தை இந்தக் கண்ணோடு படித்தால் திகைப்பாக இருக்கும். முன்னோர் நூலின் முடிபை ஏற்க வேண்டும். பின்னால் வந்தவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மரபு அழியக் கூடாது. ஏற்பது மரபுரிமம், வேறுபடுவது ஓவர்ரைடிங், அழியாமை லிஸ்கோவ் விதித்த எல்லை. ஒரு புலமை மரபு தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொள்ள என்ன விதி வேண்டும் என்று யோசித்தவர்கள், காலம் வேறானாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

*

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை நிரல்மொழிகள் ஒரே மாதிரி தீர்மானிக்கவில்லை. சி பிளஸ் பிளஸ் மொழியில் 'இதைப் பின்னால் வருபவர் மாற்றிக்கொள்ளலாம்' என்று மூத்தவரே விர்ச்சுவல் என்று எழுதித் தந்திருக்க வேண்டும். தராவிட்டால், மூத்த பெயரில் அழைக்கும்போது மூத்தவரின் முறைதான் ஓடும். பிள்ளை எழுதியது கேட்பாரற்றுக் கிடக்கும். ஜாவாவில் தலைகீழ். மூத்தவர் ஃபைனல் என்று பூட்டாதவரை, வழிவழி வரும் காரியங்களைப் பிள்ளை மாற்றி எழுதலாம்.

எந்தக் குடும்பத்துக்கும் எந்தச் சமூகத்துக்கும் இந்தப் பட்டியல் உண்டு என்றே நினைக்கிறேன். என் அப்பாவுக்குச் சேஸிஸில் துளை போடக் கூடாது என்பது ஃபைனல். பாடியில் என்ன மரம், என்ன வளைவு, என்ன நிறம் என்பதெல்லாம் வருகிறவர் விருப்பம். பல சமயம் நாம் பூட்டக் கூடாததைப் பூட்டி வைத்திருக்கிறோம். பெண்ணுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கில்லை என்பது எங்கள் பக்கத்தில் மாற்றவே முடியாத விதிபோல் இருந்தது. தமிழ்நாடு அதைச் சட்டத்தால் திருத்தி எழுதியது. 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில், அதற்கு முன் மணமாகாத மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை வந்தது. குடும்பம் என்ற எலும்பு அதனால் விரிசல் விடவில்லை. பூட்டியிருந்தது எலும்பு அல்ல, வெறும் பலகை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

மாற்றுவதை ஒளித்துச் செய்யக் கூடாது என்பதும் இந்தப் பாடத்தில் இருக்கிறது. 'நிறுத்து' என்பதை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஓர் எழுத்தைப் பிழையாகத் தட்டிவிட்டால், அது புதிதாக வேறொரு காரியமாகிவிடும். மாற்றிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம், கணவாயில் பழைய முறைதான் ஓடும். 2004-இல் வந்த ஜாவா 5 இதற்காகவே ஓவர்ரைடு என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரையை வைத்தால், மூத்தவரிடம் அப்படியொரு காரியம் இருக்கிறதா என்று கம்பைலர் சரிபார்க்கும், இல்லையென்றால் அங்கேயே நிறுத்திச் சொல்லும். என் மாணவர்களிடம் நான் கட்டாயப்படுத்தும் ஒரே வழக்கம் இதுதான். மாற்றுகிறீர்களா, மாற்றுகிறேன் என்று எழுதிவிட்டு மாற்றுங்கள்.

சி பிளஸ் பிளஸில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு டேங்கரை வண்டி என்று சுட்டிக்காட்டினால் டேங்கர் முழுசாக இருக்கும். அதையே வண்டி அளவுக்கு மட்டும் இடமுள்ள ஒரு பெட்டிக்குள் நகலெடுத்தால், தொட்டியெல்லாம் வெட்டுப்பட்டு வெறும் வண்டி மட்டும் உள்ளே போகும். ஸ்லைசிங் என்பார்கள். பிழைச்செய்தி வராது, நிரல் ஓடும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விடுதிகளில் சேர்த்துப் படிக்கவைத்த ஊர் எங்களுடையது. தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அதற்காகவே இங்கே வந்தார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லாரிப் பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பொறியாளர்களானது அப்படித்தான். ஆனால் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் வெட்டுப்பட்டு வந்திருப்பதை முதல் வாரத்திலேயே உணர்கிறேன். வரையறையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பார்கள். நாய், பூனை உதாரணத்தை அச்சுப்போல் எழுதுவார்கள். அப்பா ஓட்டும் வண்டிக்கும் இந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் எங்கோ நறுக்கப்பட்டிருக்கும். மாணவர் என்று ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டுவது வேறு. மாணவர் என்ற பெட்டியின் அளவுக்கு அந்தப் பிள்ளையை வெட்டுவது வேறு.

*

அப்பா மரத்தை அளக்கும் முறை இப்போதும் கண்ணில் நிற்கிறது. பலகையின் நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 10 அடி நீளம், 9 அங்குல அகலம், 2 அங்குல கனம் என்றால் 180, அதை 144-ஆல் வகுத்தால் ஒன்றேகால். காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்துப் பலகையின் மேலேயே எழுதுவார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் எழுதிய விடை தப்பி நான் பார்த்ததில்லை.

அவர் போனபின் ஒருநாள் பட்டறைக்காரர் கூப்பிட்டனுப்பினார். வந்திறங்கிய மர லோடின் கணக்கில் ஏதோ குழப்பம்.

“மேஸ்திரி மகன் வந்துட்டாரு, அளவு சொல்லுங்க தம்பி” என்றார்.

அங்கே நான் கணினி ஆசிரியன் அல்ல. மேஸ்திரி மகன் என்ற பெயரில்தான் அழைக்கப்பட்டேன். கேள்வியும் அப்பாவிடம் கேட்டுவந்த அதே கேள்விதான். முதல் பலகைக்கு அப்பா செய்ததுபோலவே பென்சிலை வாங்கி மரத்தின் மேல் எழுதிப் பார்த்தேன். மீதி எழுபது எண்பது பலகைகளின் அளவுகளைக் கைப்பேசியில் ஒரு விரிதாளில் போட்டுக் கூட்டினேன். முதலில் மூத்தவரின் முறையை அழைத்து, அதன் மேல் தன் முறையைச் சேர்ப்பதற்கு நிரல்மொழிகளில் சூப்பர் என்ற சொல் இருக்கிறது. அன்று நான் செய்தது அதுதான் என்று வீடு திரும்பும்போது தோன்றியது. பட்டறைக்காரர் முறையைப் பற்றிக் கேட்கவில்லை. விடை சரியாக இருந்தது, அது போதும் அவருக்கு.

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துக் கல்லூரிகளில் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாயையும் பூனையையும் இந்த ஒரு வருடம் ஒதுக்கி வையுங்கள். பிள்ளைகளை ஒரு முற்பகல் நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். இப்போது பல வண்டிகள் கேபினோடே வந்துவிடுகின்றன, ஆனாலும் பின்பாதி வெறும் சட்டமாகத்தான் வருகிறது. பாடி ஏறாத ஒரு சேஸிஸின் பக்கத்தில் அவர்களைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்யும் மேஸ்திரியிடம், ஏனுங்க துளை போடுவதில்லை என்று ஒரு பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் பதில் சொல்வார். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தபின் நிரலைத் தொடங்குங்கள்.